விளக்கு வைத்த நேரத்துப் பதில்

சிரித்த முகத்தோடு ஸ்கேனுக்கு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் முதுகெலும்பைப் பார்த்தே காலம் தள்ளுகிற டாக்டருக்கு இந்தச் சந்தேகபுத்திகூட இல்லாவிட்டால் எப்படி? வலிக்கிறவர் முனகுவார், வரிசையில் சண்டை போடுவார், படுக்கை ஜில்லென்று இருக்கிறது என்று என்னைத் திட்டுவார். அதுதான் முறை.

துளசிமணி முதல் தடவை அந்த முறைப்படிதான் வந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் வேலை. கோயம்புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். உட்கார இடம் கிடைக்காமல் இல்லை, உட்கார முடியாமல்.

"உக்காந்தா தீ வெச்ச மாதிரி எரியுதுங்க. படுத்தா கொறையுது. நாள் முச்சூடும் மிஷின்ல இருந்துட்டு சாயங்காலம் வூட்டுக்கு வந்தா உசுரே போகுதுங்க."

கூட வந்த மாமியார் மயிலாத்தாள் மருமகளின் கையை விடவில்லை. "அவ பொய் சொல்ற புள்ளை இல்லீங்க டாக்டரம்மா. வேலைக்குப் போகாம இருக்கக் கள்ளத்தனம் பண்றான்னு ஊரே பேசுது. நான் ராத்திரி பகலா பாக்கறனுங்க. நீங்க படம் புடிச்சுப் பாருங்க."

அவர்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒருவர் டிஸ்க் என்றார், ஒருவர் வாயு என்றார், ஒரு புண்ணியவான் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். நல்லவேளை, மயிலாத்தாள் அவரிடம் மறுபடி போகவில்லை. படம் எடுத்தேன். வாலெலும்புக்குச் சற்று மேலே, நரம்பு வேர்கள் தண்டுவடக் குழாயை விட்டு வெளியே கிளம்பும் இடத்தில் ஒரு நீர்க்கட்டி, திராட்சைப் பழ அளவுக்கு இருந்தது. இந்த மாதிரிக் கட்டிகளில் பெரும்பாலானவை சும்மா கிடப்பவை. அதனால் எங்கள் ஆட்கள் 'தற்செயலாகத் தென்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். துளசிமணியின் பழைய ரிப்போர்ட்டிலும் அந்த ஒரு வரி இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு எழுதியவர் அருகில் இல்லாமல் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

எங்கள் நரம்பியல் அறுவை நிபுணர் அருணகிரியிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

"மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஒரு தண்ணி ஓடுதும்மா," என்று அவர் ஆரம்பித்தார். "உங்களுக்கு நரம்பு வெளிய வர்ற எடத்துல அந்த உறை பலூன் மாதிரி உப்பிருச்சு. தண்ணி உள்ள போகுது, திரும்பி வர மாட்டேங்குது. நரம்பு நசுங்குது."

"அறுத்து எடுத்துப் போடுங்க."

"அங்கதான் வம்பு. கட்டியோட சுவர்லயே நரம்பு ஓடுது. கை தவறுனா காலு போகும், ஒண்ணுக்கு அடக்க முடியாம போகும். ஊசி போட்டுத் தண்ணியை உறிஞ்சினா மறுபடி ரொம்பிக்கும்."

அதற்காகத்தான் அப்போது 'துணை' வந்திருந்தது. அரிசி அளவில் ஒரு வால்வு. ஊசி வழியாக உள்ளே போய்க் கட்டியின் கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனோடு பேசுவதற்கு வெளியே ஒரு மணி, கருகமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக. பெண்கள் அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொள்வார்கள்.

"எப்பத் தெறக்கோணும்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்று துளசிமணி கேட்டாள். நல்ல கேள்வி. நாங்கள் எல்லோரும் அதை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

"நீங்கதான் சொல்லித் தரணும். காலைல, மத்தியானம், பொழுது சாயறப்போன்னு மூணு வேளை அந்த மணி 'வலிக்கிறதா?'ன்னு கேக்கும். நீங்க பதில் சொல்லணும். வலிக்குதுன்னு சொன்ன நேரத்துல நரம்பு என்ன பேசுச்சோ அதை வால்வு ஞாபகம் வெச்சுக்கும். மறுபடி அப்படிப் பேசினா தெறந்து தண்ணியை வெளிய விட்ரும். வலி இல்லைன்னு சொன்ன நேரத்துல பேசினது வெறும் சத்தம்னு எடுத்துக்கும். நரம்புல எந்நேரமும் ஏதாவது சத்தம் இருந்துகிட்டேதாம்மா இருக்கும். அந்தச் சத்தத்தை லேசா ஒரு கரண்ட் குடுத்து அமத்திரும்."

"எத்தனை நாளைக்குக் கேக்கும்?"

"ஒரு மண்டலம்னு வெச்சுக்குங்க. அப்புறம் கேக்காது. கத்துக்கிட்டதை வெச்சுத் தானா வேலை பார்க்கும்."

இதற்கு முன்னால் வந்த மாடல் வால்வு எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். பயந்துபோனவர்கள் எல்லாவற்றுக்கும் வலிக்குது வலிக்குது என்று சொல்ல, அது திறந்து திறந்து தலையில் இருக்கும் நீரையும் வடித்துவிட்டது. அதனால் புதியதில் பாடம் முடிந்ததும் காதை மூடிவிட்டார்கள்.

அதே மாதத்தில் துணை வைத்துக்கொண்ட இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஃபிலோமினா டீச்சர். போத்தனூரில் தனியாக இருக்கிறார், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொண்டிருந்தால் அந்த மனிதர் பாவம். மணியோடு அவருக்கு முதல் நாளே சண்டை.

"மத்தியானம் கண்ணசர்ற நேரத்துல வலிக்கிறதான்னு கேக்குது. வலிக்குதுடா, வலிக்காம உன்னை எதுக்குக் கழுத்துல கட்டிட்டு அலையறேன்னு கத்தினேன்."

பாடம் முடிந்த பிறகும் டீச்சரின் குறை தீரவில்லை. தினமும் சாயங்காலம் வலி வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது, போவதாக இருந்தால் எதற்கு வர வேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயமாகத்தான் பட்டது. அருணகிரி வராந்தாவில் டீச்சரின் குடையைப் பார்த்தாலே பின்வாசல் வழியாக வார்டுக்குப் போய்விடுவார்.

மற்றவர்கள் அப்படியில்லை. பழங்களும் பலகாரங்களுமாக வந்தார்கள். ஊர்ப்பக்கத்துக் கூட்டுக்குடும்பத்துப் பெண்களுக்கு வலி சுத்தமாக நின்றுவிட்டது. தனியாக இருக்கும் டீச்சர் போன்றவர்கள்தான் புலம்பினார்கள். குடும்பம்தான் பாதி மருந்து என்று அருணகிரி ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினார். எங்கள் ஊர் முடிவுகளைப்போல வேறெங்கும் இல்லை என்று வால்வு கம்பெனிக்காரர்களும் மெச்சினார்களாம்.

எட்டு மாதம் கழித்துத் துளசிமணி மறு ஸ்கேனுக்கு வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"தம்பி கண்ணாலத்துல அக்காவா நின்னு இணைச்சீர் பண்ணுனனுங்க டாக்டரம்மா. விடிய விடியச் சீரு. ஒரு எடத்துல மூஞ்சி சுளிக்கல. சனமெல்லாம் பார்த்துச்சுங்க." மயிலாத்தாள் எள்ளுருண்டை டப்பாவை என் மேஜைமேல் வைத்தாள். மருமகளைப் பார்த்து அவள் பூரித்த பூரிப்பில் எனக்கே கண் கலங்கியது. சந்தேகபுத்தியை ஒருநாள் ஓரமாக வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் படம் எடுத்தேன்.

திராட்சையாக இருந்த கட்டி எலுமிச்சையாகி இருந்தது. பக்கத்து எலும்பை அரித்திருந்தது. நரம்பு வேர்கள் அதன் சுவரில் நூலாக ஒட்டிக்கிடந்தன. வேறு யாருடைய படமோ வந்துவிட்டது என்று பெயரைச் சரிபார்த்தேன். அவளுடையதுதான்.

வெளியே வந்தேன். துளசிமணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் அறை வாசலில் அவளுடைய ஒற்றைச் செருப்புதான் இருந்தது.

"ஒத்தைச் செருப்பைத் திருடறவன் எவன்டா," என்று வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே தேடப்போனார். இன்னொன்று பஸ் நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிச் சரிவுப்பாதையின் அடியில் கிடந்தது. அங்கேயிருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள்.

"எப்பக் கழண்டுச்சுன்னே தெரியலீங்க," என்று அவளும் சிரித்தாள்.

அவளை உட்காரச் சொல்லி இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஜல்லிக்கல் ஒன்று சதைக்குள் ஏறியிருந்தது. சுற்றிலும் ரத்தம்.

"அட," என்றாள் துளசிமணி.

அந்த 'அட'வைக் கேட்டதும் போனை எடுத்தேன். அருணகிரியை அழைத்தேன். கட்டி பெருத்திருப்பதைச் சொன்னதும் அவர் முதலில் சலித்துக்கொண்டார்.

"நீங்க படத்தைப் பார்க்கறீங்க. நான் ஆளைப் பார்க்கறேன். ஆள் நல்லாத்தான இருக்காங்க?"

"ஆளைப் பார்க்கத்தான் கூப்பிடறேன். ஒரு குண்டூசியோட வாங்க."

வந்தார். துளசிமணியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி இடது பாதத்தில் குத்தினார். கணுக்காலுக்கு வந்தார். பிறகு ஆடுசதையில் குத்தினார்.

துளசிமணி கண்ணை மூடியபடியே, "குத்துங்க டாக்டர், நான் ரெடி," என்றாள்.

அருணகிரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பாத்ரூம் போவதில் ஏதாவது சிரமமா என்று மெல்லக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதிலை மயிலாத்தாள்தான் சொன்னாள். "துணி வெச்சுக்கறாளுங்க. புள்ளை பெத்த ஒடம்பு, அப்படித்தான இருக்கும்?"

வால்வு பழுது என்றுதான் முதலில் நினைத்தோம். அருணகிரி அதன் திறந்து மூடும் நாக்கைச் சோதித்தார், கரண்டைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன. கற்றுக்கொடுத்த பாடத்தை அது ஒரு பிசிறில்லாமல் செய்துகொண்டிருந்தது. பாடத்தில் அவள் என்ன கற்றுக்கொடுத்தாள் என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அந்த மணி கேட்டப்போ என்ன பதில் சொன்னே துளசி?"

"காத்தால கேக்கும், தூங்கி எந்திரிச்ச ஒடம்பு, வலி இருக்காதுங்க. இல்லைம்பேன். மத்தியானம் கேக்கறப்ப மிஷின் சத்தத்துல பாதி நாள் காதுல உழுகாது."

"சாயங்காலம்?"

அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"சாயங்காலம் அது கேக்கறது நேரா விளக்கு வெக்கற நேரத்துலீங்க," என்றாள் மயிலாத்தாள். "கயித்துலிருந்து அவுத்து சாமி மாடத்துல வெச்சுருவோம். அவளுக்கு உசுரே போற வலி இருந்தாலும் விளக்கு முன்னால நின்னு வலிக்குது நோவுதுன்னு சொல்லலாமுங்களா? அந்த நேரத்துல வாயில கெட்ட வார்த்தை வரக் கூடாது. வலி இல்லை, நல்லா இருக்குன்னு சொல்லு கண்ணு, சொன்னாப் பலிக்கும்னு நாந்தான் சொன்னேன். ஒரு நாளு தவறாமச் சொன்னா." பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பி, "பலிச்சுதுங்களே?" என்றாள்.

பலித்துத்தான் இருந்தது. நாளெல்லாம் மிஷினில் உட்கார்ந்து நரம்பு உச்சத்தில் அலறுகிற அந்த நேரத்தில்தான், விளக்கின் முன்னால் நின்று, வலியே இல்லை என்று அவள் ஒரு மண்டலம் சொல்லியிருக்கிறாள். வால்வு நம்பியது. அந்த அலறலை வெறும் சத்தம் என்று மனதில் ஏற்றிக்கொண்டது. அன்றிலிருந்து நரம்பு கதறும்போதெல்லாம் அதன் வாயைப் பொத்தியது, தண்ணீரை மட்டும் வெளியே விடவில்லை.

துளசிமணியைப் படுக்கையில் சேர்த்துவிட்டு நான் மற்றவர்களின் மறு ஸ்கேன் படங்களை, எங்கள் ஆட்கள் ஒரு வரி எழுதி மூடிவைத்திருந்தவற்றை, வரிசையாகத் திறந்தேன். பழமும் பலகாரமுமாக வந்தவர்களின் படங்கள். ஒவ்வொன்றிலும் கட்டி பெருத்திருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில்தான் விளக்கு வைத்த நேரத்தில் நோவைப் பற்றிப் பேசுவார்கள்? கடைசியாக ஃபிலோமினா டீச்சரின் படத்தைத் திறந்தேன். டீச்சரின் கட்டி உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கிக் கிடந்தது. வலித்த நேரத்தில் வலிக்குது என்றே மணியிடம் கத்தியவர் அவர். அவருக்குத் தினமும் வலி வந்தது, வால்வு அதைக் கேட்டுத் திறந்தது, வலி போனது. போவதாக இருந்தால் எதற்கு வர வேண்டும் என்று கேட்டாரே, போவதற்குத்தான் வந்திருக்கிறது. எங்களிடம் இருந்ததிலேயே ஒழுங்காகக் குணமானவர் அவர்தான். அவரைக் கண்டுதான் நாங்கள் ஒளிந்தோம்.

துளசிமணியிடம் அருணகிரி ஒளிக்காமல் சொன்னார். "இந்த வால்வை எடுத்துட்டு, கட்டியோட கழுத்தைத் தைக்கணும். ஆபத்தான ஆபரேஷன்தான். அதுக்கு முன்னால இது குடுக்கற கரண்டை நிறுத்தி, எந்த நரம்பு இன்னும் உசுரோட இருக்குன்னு பார்க்கணும்."

"நிறுத்தினா வலி திரும்ப வருமுங்களா?"

"வரும்."

"இப்படியே உட்டுட்டா?"

"வலி வராது. நடக்கவும் முடியாது."

அவள் அழுதாள். "இந்த எட்டு மாசந்தானுங்க நான் மனுசியா இருந்தேன்," என்றாள். பிறகு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

கரண்டை நிறுத்திய அன்று மாலை வார்டில் இருந்தேன். அடக்கிவைத்த எட்டு மாத வலியும் ஒன்றாக வந்ததுபோல அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள். வராந்தாப் பிள்ளையாருக்கு நர்ஸ் ஒருத்தி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். துளசிமணி அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தம் நின்றுவிட்டது.

மயிலாத்தாள் எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "கத்து கண்ணு. விளக்கு கெடக்குது. வலிக்குதுன்னு கத்து," என்றாள்.

துளசிமணி கத்தினாள். அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. வலது கால் தப்பியது. இடது பாதம் தொங்கிவிட்டது, பட்டை கட்டிக்கொண்டு இழுத்து நடக்கிறாள். துணி வைத்துக்கொள்வது நிற்கவில்லை. ஓவர்லாக் மிஷினுக்கு இனிப் போக முடியாது.

மற்றவர்களை அருணகிரி ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார். பாதிப்பேர் வரவில்லை. "நல்லாத்தானுங்க இருக்கோம், எதுக்கு வரோணும்?" என்றார்கள். அதுவும் சரிதானே? வலி இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு நன்றி தெரிவித்து, ஆராய்ந்து வருவதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினார். அதே நன்றி மறுபடியும் வந்தது.

போன வாரம் ஃபிலோமினா டீச்சருக்கு ஸ்கேன். வராந்தாவில் குடை தெரிந்ததும் அருணகிரி இந்தத் தடவை ஓடவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார். நானும் எழுந்து நின்றேன். எங்கள் இருவருக்கும் அவரிடம் வயிறாரத் திட்டு வாங்க வேண்டும்போல இருந்தது.

டீச்சர் திட்டவில்லை. கையில் கேக் டப்பா வைத்திருந்தார். என் முன்னால் இருந்த மர நாற்காலியில் சட்டென்று உட்கார்ந்தார், குஷன் கேட்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்குத்தான் பாஸ் மார்க் போடறேன்," என்றார்.

"எதுக்கு டீச்சர்?"

"அந்த மணி இருக்கே, அது ரொம்ப நாளா ஊமையாக் கிடந்துச்சு இல்லையா? போன மாசம் ஒருநாள் தானாப் பேசிச்சு. 'உங்கள் துணை, மிகச் சிறப்பாகக் குணமடைந்தவர்களிடமிருந்து புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது'ன்னு. நல்லாக் கத்துக்கோன்னு சொன்னேன். அன்னையிலிருந்து சாயங்கால வலி சுத்தமா நின்னு போச்சு. இப்பவாவது ஒழுங்கா வேலை பார்க்குதே."

அருணகிரி என்னைப் பார்த்தார். மிகச் சிறப்பாகக் குணமடைந்தவர்கள் என்று கம்பெனி யாரைச் சொல்லும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் ஊர் சாமி மாடங்களில் விளக்கு வைத்த நேரத்தில் சொன்ன பதில், அந்த வால்வு எந்தெந்த ஊரில் யார் யார் முதுகில் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் கதவுப்பக்கம் திரும்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில் டீச்சர் கண்டிப்பானவர். வாசலில் வலது கால் செருப்பு மட்டும் சுவரோரமாக ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"டீச்சர், இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டும் அங்கதான் விட்டேன்," என்று சொல்லிவிட்டு, டீச்சர் கேக் டப்பாவின் மூடியைத் திறந்தார்.